கடல் கயாக்கின் நீளமும் அடிவயிறும்: பினாங்கில் வாங்கப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தஞ்சோங் பூங்காவிலோ பத்து பெரிங்கியிலோ வாடகைக் கயாக்கில் நாலைந்து தடவை போய்விட்டு, சொந்தமாக ஒன்று வாங்கலாம் என்று முடிவெடுப்பவர்கள் முதலில் கேட்பது நீளத்தைப் பற்றி. விளம்பரத்தில் பெரிதாகப் போடுவதும் அந்த எண்ணைத்தான். கயாக் கடலில் எப்படி நடந்துகொள்ளும் என்பதில் நீளத்துக்குப் பங்கு உண்டு. ஆனால் அடிவயிற்றின் வளைவு, அகலம், உங்கள் எடை ஆகியவற்றைச் சேர்த்துப் பார்க்காவிட்டால் அந்த எண் ஒன்றும் சொல்லாது.

சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. கீழே மூக்கு என்றால் முன்முனை, வால் என்றால் பின்முனை. அடிவயிறு என்பது நீரில் உட்காரும் வெளிப்புறம். அதன் நடுவே மூக்கிலிருந்து வால்வரை ஓடும் கோடு ஏரா.

நீளமான கயாக் வேகமாகப் போகுமா?

போகும், அந்த வேகத்துக்குத் துடுப்புப் போட உங்களிடம் பலம் இருந்தால்.

நகரும் படகு மூக்கில் ஓர் அலையையும் வாலில் ஓர் அலையையும் எழுப்புகிறது. வேகம் கூடக் கூட இந்த இரண்டு முகடுகளுக்கும் இடையிலுள்ள தூரம் நீள்கிறது. ஒரு கட்டத்தில் அது நீரில் உட்காரும் நீளத்துக்குச் சமமாகிவிடும். அதற்கு மேல் அழுத்தினால் படகு தானே எழுப்பிய அலையின் மீது மேடேற வேண்டிவரும். போடுகிற பலமெல்லாம் அதற்கே செலவாகும். அந்த எல்லையைக் கணக்கிட எளிய வழி உண்டு: நீரில் உட்காரும் அந்த நீளத்தை (நீர்க்கோட்டு நீளம்) மீட்டரில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 2.43-ஆல் பெருக்கினால் நாட் கணக்கில் விடை வரும். 3 மீட்டருக்கு 4.2 நாட், அதாவது மணிக்கு 7.8 கிலோமீட்டர். 4.5 மீட்டருக்கு 5.15 நாட். 5 மீட்டருக்கு 5.4 நாட், மணிக்கு 10 கிலோமீட்டர்.

இப்போது உங்கள் நிஜ வேகத்தைப் பாருங்கள். நிதானமாகத் துடுப்புப் போட்டு இரண்டு மூன்று மணி நேரம் போகிற ஒருவர் பெரும்பாலும் 3 முதல் 3.5 நாட் வேகத்தில்தான் இருப்பார். அந்த வேகத்தில் இழுத்துப் பிடிப்பது அலை அல்ல, அடிவயிற்றில் உரசும் நீர். உரசல் நனையும் பரப்பைப் பொறுத்தது. நீளமான படகுக்கு நனையும் பரப்பும் அதிகம். அதனால் 3 நாட் வேகத்தில் 5.4 மீட்டர் கயாக்கைவிட 4.7 மீட்டர் கயாக் கொஞ்சம் குறைந்த உழைப்பில் நகர்வது சாதாரணம். நீளத்தின் பலன் தெரிவது 4 நாட்டைத் தாண்டிய பிறகு. பலசாலிகள் கூட்டத்தோடு போகிறவர்களுக்கும், முகாம் சாமான் ஏற்றுகிறவர்களுக்கும் அது தேவை. ஞாயிற்றுக்கிழமை காலையில் போய் பசியாற வீடு திரும்புகிறவருக்கு அவசியமில்லை.

விளம்பரத்தில் 5.2 மீட்டர் என்கிறார்கள். அது எந்த நீளம்?

நுனியிலிருந்து நுனிவரை. கிரீன்லாந்து பாணிப் படகுகளில் மூக்கும் வாலும் நீருக்கு மேலே நீண்டு சரிந்திருக்கும். 5.3 மீட்டர் படகில் 4.5 மீட்டர் மட்டும் நீரில் உட்காருவதும் உண்டு. மூக்கு செங்குத்தாக இறங்கும் படகில் 4.8 மீட்டரில் 4.6 மீட்டர் நீரில் இருக்கும். வேகக் கணக்குக்கு இரண்டாவதுதான் ‘நீளமானது’. பழைய படகாக இருந்தால், பக்கவாட்டில் படிந்திருக்கும் அழுக்குக் கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று டேப் வைத்து அளந்தால் போதும்.

நீளமான கயாக் திரும்பவே திரும்பாது என்கிறார்களே?

பாதி உண்மை. திரும்புவதையும் நேராக ஓடுவதையும் முடிவு செய்வது நீளத்தைவிட ராக்கர். படகைப் பக்கத்திலிருந்து பார்த்தால் ஏரா வாழைப்பழம் போல நடுவில் தாழ்ந்து இரு முனைகளிலும் மேலெழும். அந்த வளைவுக்குத்தான் ராக்கர் என்று பெயர். வளைவு அதிகமானால் முனைகள் நீரை லேசாகத்தான் பிடிக்கும், படகு சட்டென்று திரும்பும். வளைவு குறைந்தால் முனைகள் ஆழமாக ஊன்றும், படகு தண்டவாளத்தில் ஓடுவது போல நேராகப் போகும். 5.2 மீட்டரில் நல்ல ராக்கர் உள்ள படகு, ராக்கரே இல்லாத 4.3 மீட்டர் படகைவிட எளிதாகத் திரும்பிவிடும்.

இரண்டாவது விஷயம், படகைச் சாய்த்தல். தட்டையாக உட்கார்ந்தபடி நீளமான படகைத் திருப்ப முயன்றால் தோள்தான் வலிக்கும். சாய்த்தால் முனைகளின் பிடி தளரும். நீருக்குள் இருக்கும் வடிவமும் வளைந்துவிடும். இடப்பக்கம் திரும்ப வேண்டும் என்று வையுங்கள். முதலில் மூன்று நாலு துடுப்பு போட்டு வேகம் எடுங்கள். எடையை வலப் பிட்டத்துக்கு மாற்றி, இடது முழங்காலால் டெக்கின் (கால்களை மூடியிருக்கும் மேல்தளத்தின்) அடிப்புறத்தை மேல்நோக்கி அழுத்துங்கள். படகு வலப்பக்கம் சாயும். உங்கள் தலையும் முதுகும் படகின் நடுக்கோட்டுக்கு மேலேயே நிற்க வேண்டும். இப்போது வலப்பக்கம் கால்விரல் அருகே துடுப்பை ஊன்றி, அகலமாக அரைவட்டம் போட்டு வால்வரை கொண்டுவாருங்கள். மூக்கு இடப்பக்கம் ஓடும்.

புதியவர்கள் இங்கே செய்யும் தவறு ஒன்றுதான். சைக்கிளில் வளைவதைப் போலத் திரும்பும் பக்கமே சாய்வார்கள். கயாக்கில் அது நேர் எதிர். வெளிப்பக்கம் சாய வேண்டும். உடம்பையும் சேர்த்துச் சாய்ப்பது அடுத்த தவறு; அதன் முடிவு தண்ணீருக்குள்.

ராக்கரை வீட்டிலேயே அளக்க முடியுமா?

முடியும். கொண்டோவின் கார் நிறுத்துமிடத் தரை போதும். படகை நிமிர்த்தி வைத்து, ஒருவர் காக்பிட்டை (உட்காரும் குழியை) பிடித்து ஆடாமல் நிறுத்தட்டும். தரையைத் தொடுவது இருக்கைக்குக் கீழே உள்ள பகுதியாக இருக்க வேண்டும். பிறகு நீர்க்கோடு முடியும் இடத்துக்கு நேர் கீழே, தரைக்கும் ஏராவுக்கும் இடைவெளி எவ்வளவு என்று மூக்கிலும் வாலிலும் அளந்து எழுதுங்கள். நுனியில் அளக்கக் கூடாது. அது நீருக்கு மேலே நிற்கும் அலங்காரம். நாலைந்து சென்டிமீட்டருக்குக் குறைவானால் நேராக ஓடும் சுபாவம். பத்துக்கு மேல் என்றால் விளையாட்டுப் பிள்ளை. மூக்கில் அதிகம், வாலில் குறைவு என்றிருந்தால் அலையில் மூக்கு எளிதாக எழும், வால் திசையைப் பிடித்து வைக்கும். எங்கள் கடலுக்கு அது நல்ல கலவை.

தரையைத் தொடுவது நடுப்பகுதி இல்லாமல் முன்னும் பின்னும் இரண்டு இடங்களாக இருந்தால், அந்த பிளாஸ்டிக் படகை யாரோ தவறாக அடுக்கி வைத்துக் கெடுத்திருக்கிறார்கள். ராக்கர் தலைகீழாகிவிட்டது. அதை வாங்க வேண்டாம்.

தட்டையான அடிவயிறுதானே ஆடாமல் இருக்கும்?

அமைதியான நீரில், ஆம். தஞ்சோங் பூங்கா கரையில் முட்டியளவு தண்ணீரில் ஏறி உட்கார்ந்தால் தட்டை அடி பாறை மாதிரி நிற்கும். லேசான ‘வி’ வடிவ அடியோ உருண்டை அடியோ இடுப்பு அசைந்தாலே நடுங்கும். கடையில் வாங்குகிறவர்கள் அந்த ஐந்து நிமிடத்தை வைத்தே முடிவெடுத்துவிடுகிறார்கள். பிரச்சினை பிறகு வரும்.

தட்டை அடி எப்போதும் நீரின் மேற்பரப்புக்கு இணையாக நிற்கப் பார்க்கும். மேற்பரப்பு தட்டையாக இருக்கும்வரை அது நிலைத்தன்மை. பக்கவாட்டில் அலை வந்தால் மேற்பரப்பே சரிவாகிறது. படகும் அந்தச் சரிவோடு சேர்ந்து சாய்கிறது, உங்களையும் சாய்க்கிறது. ‘வி’ அடியோ உருண்டை அடியோ அலையைத் தனக்குக் கீழே நழுவவிட்டு, உங்களை நிமிர்ந்தபடி வைத்திருக்கும்.

முதல் நிலைத்தன்மை, இரண்டாம் நிலைத்தன்மை என்று பேசுவது இதைத்தான். நேராக இருக்கும்போது ஆடாமல் நிற்பது முதலாவது. இருபது முப்பது பாகை சாய்ந்த பிறகு ‘இதற்கு மேல் வேண்டாம்’ என்று படகு தாங்கிக்கொள்வது இரண்டாவது. பக்கச் சுவர்கள் கொஞ்சம் வெளியே விரிந்திருந்தால் இரண்டாவது நன்றாக இருக்கும், ஏனென்றால் சாயச் சாய அகலமான பகுதி நீருக்குள் இறங்குகிறது. கடலுக்கு இரண்டாவதே முக்கியம். முதல் நாள் நடுங்கும் படகு மூன்றாவது வாரத்தில் பழகிவிடும்.

அகலம் 5 சென்டிமீட்டர் கூடினால் பெரிய வித்தியாசமா?

நினைப்பதைவிடப் பெரியது. முதல் நிலைத்தன்மை நீளத்தோடு நேர்விகிதத்தில்தான் கூடுகிறது, அகலத்தோடு முப்படி விகிதத்தில் கூடுகிறது. 55 சென்டிமீட்டரை 60 ஆக்கினால் ஏறக்குறைய 30 விழுக்காடு கூடும். அதே பலனை நீளத்தில் பெற வேண்டுமானால் ஐந்து மீட்டர் படகை ஆறரை மீட்டராக்க வேண்டும். விலை என்ன என்றால், உரசலும் கூடும், துடுப்பு போடும்போது கை அகலமாகச் சுற்றிப் போக வேண்டும். கடல் கயாக்குகள் பெரும்பாலும் 53 முதல் 60 சென்டிமீட்டருக்குள் இருப்பதும், வாடகைக்கு விடும் பொழுதுபோக்குக் கயாக்குகள் 70-ஐத் தாண்டுவதும் இதனால்தான்.

அகலத்தைத் தொடாமல் நடுக்கத்தைக் குறைக்க ஒரு மலிவான வழி: இருக்கையைத் தாழ்த்துங்கள். அடியில் ஒட்டிய தடித்த ஃபோம் மெத்தையை எடுத்துவிட்டு மெல்லியது போட்டு 2 சென்டிமீட்டர் இறங்கினாலே கை கால் உணரும்.

விளிம்பு கூர்மையாக இருப்பதற்கும் உருண்டையாக இருப்பதற்கும்?

அடியும் பக்கச் சுவரும் சேரும் மடிப்புக்கு சைன் என்று பெயர். கூர்மையான சைன் சாய்க்கும்போது ‘இதோ இந்த இடம்’ என்று தெளிவாக நிற்கும், திருப்பத்தில் நீரைக் கத்தி போலப் பிடிக்கும். கிரீன்லாந்தின் மரச்சட்டமும் தோலும் கொண்ட படகுகளுக்கு அந்த மடிப்பு இயல்பாகவே வந்துவிடும். சட்டத்தின் மீது தோலை இழுத்துக் கட்டினால் மடியத்தானே செய்யும். உருண்டை சைன் எந்தக் கோணத்திலும் வழுக்கிக்கொண்டு மாறும், குழம்பிய அலையில் திடீர் உதைப்பு இருக்காது. இன்றைய படகுகளில் பெரும்பாலானவை நடுவாந்தரம். இதை வைத்து மட்டும் படகை ஒதுக்க வேண்டியதில்லை.

பக்கவாட்டில் காற்றடித்தால் மூக்கு காற்றை நோக்கியே திரும்புகிறது. படகில் கோளாறா?

கோளாறில்லை, ஓடும் எல்லாக் கயாக்கும் கொஞ்சமாவது அப்படித்தான் செய்யும். முன்னேறும்போது மூக்கின் இருபுறமும் நீர் அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. வாலுக்குப் பின்னால் நீர் சுழன்று தளர்ந்திருக்கிறது. பக்கக் காற்று படகு முழுவதையும் தள்ளும்போது, பிடியில்லாத வால்தான் காற்றோடு நழுவுகிறது. வால் அந்தப் பக்கம் போனால் மூக்கு இந்தப் பக்கம், காற்றை நோக்கி. வேகமாகத் துடுப்புப் போட்டால் சரியாகிவிடும் என்று நினைத்து அழுத்துகிறவர்களுக்கு இன்னும் மோசமாகும், மூக்கின் பிடி இறுகுவதால்.

மருந்து ஸ்கெக். வாலுக்கு அடியில் ஒரு பெட்டிக்குள் மடங்கியிருக்கும் துடுப்பு இலை போன்ற தகடு அது. இறக்கினால் வாலுக்குப் பிடி கிடைக்கும். காற்றை எதிர்த்துப் போகும்போது மேலே ஏற்றிவிடுங்கள். காற்று பக்கவாட்டில் என்றால் கால்வாசியில் தொடங்கி, மூக்கு நடுநிலைக்கு வரும்வரை கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். காற்று முதுகில் என்றால் முழுவதும் இறக்கலாம். பக்கக் காற்றில் முழுவதும் இறக்கினால் சில படகுகள் எதிர்ப்பக்கம், காற்றுக்கு விலகித் திரும்ப ஆரம்பிக்கும். அதுவும் தொல்லைதான்.

ஸ்கெக் இல்லாவிட்டால் சாமானை நகர்த்துங்கள். ஐந்து லிட்டர் தண்ணீர்ப் பையை முன்னறையிலிருந்து (மூக்குப் பக்கச் சாமான் அறை) எடுத்து இருக்கைக்குப் பின்னால் வைத்தால் வால் தாழ்ந்து பிடிக்கும். முன்னறையில் கனத்தை அடைத்து, வாலைக் காலியாக விட்டுவிட்டு, படகைத் திட்டுகிறவர்கள் நிறைய.

ஸ்கெக்கா, சுக்கானா?

சுக்கான் காலால் இயங்குவது, டெக்கின் மேலிருந்து வாலுக்குப் பின்னால் இறங்குவது. நீளமான, ராக்கர் குறைந்த, சாமான் ஏற்றும் படகுக்கு அது பொருத்தம். துரத்தி வரும் அலையில் திசை மாறுவதைத் தடுப்பதில் ஸ்கெக்கை மிஞ்சும். குறை என்னவென்றால், பழைய வகையில் மிதிப்பலகை முழுவதுமே நழுவும். கால் ஊன்ற உறுதி இல்லை. இடுப்பைத் திருப்பித் துடுப்புப் போடும் பலமே போய்விடும். பலகை நிலையாக இருந்து, கால்விரல் நுனி மட்டும் அசையும் வகையைத் தேடுங்கள்.

ஸ்கெக்கின் குறை மணல். கரையில் வாலை இழுத்துக்கொண்டு போனால் கூழாங்கல்லும் சிப்பித் துண்டும் பெட்டிக்குள் இறுகிவிடும். நடுக்கடலில் கைப்பிடியைத் தள்ளுவீர்கள், தகடு இறங்காது, கேபிள் மட்டும் உள்ளே வளைந்துவிடும். வளைந்த கேபிளை நிமிர்த்த முடியாது, மாற்றத்தான் வேண்டும். தகட்டின் நுனியில் சிறு துளை போட்டு ஒரு விரல் நீளக் கயிறு கட்டிவையுங்கள். சிக்கிக்கொண்டால் கூட வருகிறவர் அதைப் பிடித்து இழுத்துவிடுவார். கைப்பிடியை ஒருபோதும் பலமாகத் தள்ளாதீர்கள்.

ஒன்றைத்தான் சொல்ல வேண்டும் என்றால் எங்கள் வாக்கு ஸ்கெக்குக்கு. சுக்கானோடு தொடங்கியவர்கள் சாய்க்கக் கற்றுக்கொள்வதே இல்லை.

என் எடை 55 கிலோ. கணவர் 90. ஒரே படகு இருவருக்கும் ஆகுமா?

ஆகும், யாராவது ஒருவருக்குக் குறையோடு. ஐந்து மீட்டர் அளவுள்ள கடல் கயாக் ஏறக்குறைய 16, 17 கிலோவுக்கு ஒரு சென்டிமீட்டர் தாழும். உங்கள் இருவருக்கும் இடையில் 2 சென்டிமீட்டர். கேட்கச் சின்னதாகத் தெரியும். ஆனால் படகின் அடி நீருக்குள் போவதே பத்து பன்னிரண்டு சென்டிமீட்டர்தான்.

90 கிலோவுக்கு வடிவமைத்த படகில் நீங்கள் உட்கார்ந்தால் முனைகள் மேலெழும், நீர்க்கோடு குறையும், டெக் உயரமாக நின்று காற்று வாங்கும். அந்தப் படகு உங்களுக்கு ‘அடங்காத’ படகு. இருக்கைக்கு முன்னும் பின்னுமாக 15 லிட்டர் தண்ணீர் ஏற்றினால் அடங்கும். உங்களுக்கான படகில் அவர் உட்கார்ந்தால் பின் டெக் மீது அலை ஏறும், திருப்பம் சோம்பலாகும். தயாரிப்பாளர் எடை வரம்பு கொடுத்திருப்பார். உங்கள் எடையோடு உடை, தண்ணீர், சாமானைச் சேர்த்து, அந்த வரம்பின் நடுப்பகுதியில் விழும்படி பாருங்கள். இருவரும் அடிக்கடி போவதாக இருந்தால், இரண்டு பழைய படகுகள் ஒரு புதிய படகைவிடப் புத்திசாலித்தனம்.

பினாங்குக் கடலுக்கு எந்த நீளம் பொருந்தும்?

சுமத்ரா மறைப்பதால் மலாக்கா நீரிணையில் பெருங்கடலின் நீண்ட அலை குறைவு. காற்று அங்கேயே கிளப்பும் குட்டையான, செங்குத்தான அலைதான் அதிகம். இரண்டு விநாடிக்கு ஒரு முகடு வரும் அலையின் நீளம் 6 மீட்டரை ஒட்டி இருக்கும். 5.4 மீட்டர் கயாக் அதில் அகப்பட்டால் ஒரு முகட்டை முழுவதும் தாண்டும் முன்பே மூக்கு அடுத்த முகட்டில் போய்க் குத்தும். மூக்கு புதையும், மடிக்குத் தண்ணீர் வரும். ராக்கர் உள்ள 4.6 முதல் 5 மீட்டர் படகு அதே அலையில் ஏறி இறங்கிவிடும். அலை தன் நீளத்தில் பாதி ஆழத்திலேயே தரையை உணரத் தொடங்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 6 மீட்டர் அலைக்கு 3 மீட்டர் ஆழம். கர்னி டிரைவ் பக்கம் வற்றத்தில் சேறு தெரியும் அளவுக்கு ஆழம் குறைவு என்பதால் அங்கே அலை இன்னும் நிமிரும்.

இடத்துக்கு இடம் மாறும். தஞ்சோங் பூங்காவிலிருந்து பத்து பெரிங்கி, தெலுக் பஹாங் வரையிலான வடகரையில் ஜெட்ஸ்கியும் வேகப்படகும் எழுப்பும் குறுக்கலைகள் அதிகம். சட்டென்று திரும்பும் படகு அங்கே நிம்மதி. தேசியப் பூங்காவை ஒட்டி, 1883-இல் கட்டிய கலங்கரை விளக்கம் நிற்கும் முக்கா முனையைச் சுற்றி பந்தாய் கெராச்சுட் போகிறவர்கள் மேற்கே திறந்த கடலுக்கு வந்துவிடுகிறார்கள். முனையில் திரும்பி வரும் அலையும் எதிரே வரும் அலையும் மோதிக் குழம்பும். அங்கே இரண்டாம் நிலைத்தன்மைதான் சோறு போடும். கிழக்கே, தீவுக்கும் பட்டர்வொர்த்துக்கும் நடுவிலுள்ள நீரிணையிலும் பூலாவ் ஜெரஜாக் பக்கத்திலும் கவனிக்க வேண்டியது நீரோட்டம். 1.5 நாட் எதிரோட்டத்தில் 3 நாட் போகிறவர் தரைக்கணக்கில் பாதி வேகத்துக்கு இறங்கிவிடுவார்; அந்த இடத்தில், 4 நாட்டைத் தாண்டித் துடுப்புப் போடப் பலம் உள்ளவருக்கு நீளமான படகு தரும் கூடுதல் வேகம் உண்மையாகவே கைகொடுக்கும். ஆனால் அதைவிட நல்லது, ஏற்றவற்ற அட்டவணையைப் பார்த்துக் கிளம்புவது.

ஏப்ரல் முதல் நவம்பர் வரையிலான மாதங்களில் விடியற்காலை ‘சுமத்ரா’ சூறைக்காற்று வரும். மேற்கே கறுப்பாக ஒரு பாய் விரித்த மாதிரி மேகம் தெரிந்தால், நீங்கள் எந்த நீளப் படகில் இருந்தாலும் கரைக்குப் போங்கள்.

முதுகில் அலை வரும்போது படகு திடீரென்று குறுக்காகிவிடுகிறது. ஏன்?

பின்னாலிருந்து வரும் அலை வாலைத் தூக்குகிறது. மூக்கு பள்ளத்தில் ஊன்றிக்கொள்கிறது. ஊன்றிய மூக்கு அச்சாக, தூக்கிய வால் சுற்றி வருகிறது. ராக்கர் இல்லாத, மூக்கு ஒடுங்கிய நீளப் படகுகளில் இது அதிகம். ஸ்கெக்கை முழுவதும் இறக்குங்கள். வால் எழும்போது துடுப்புப் போடுவதை நிறுத்தி, இலையை வால் அருகே நீரில் வைத்து சுக்கானாகப் பிடியுங்கள். முகடு கடந்ததும் அலையின் முதுகில் வேகமாகப் போடுங்கள். அப்படியும் குறுக்காகிவிட்டால் அலை வரும் பக்கம் படகைச் சாய்த்து, அதே பக்கம் துடுப்பின் பின்புறத்தை நீரில் அழுத்துங்கள். கரைப் பக்கம் சாய்ந்தால் அலையே கவிழ்த்துவிடும்.

பிளாஸ்டிக்கா, ஃபைபரா?

ஐந்து மீட்டர் படகு பிளாஸ்டிக்கில் 26 முதல் 30 கிலோ, ஃபைபர் கிளாஸில் 22 முதல் 26 கிலோ வரும். கார்பன் இன்னும் லேசு, பர்ஸும் லேசாகும். ஃபைபரின் அடிவயிறு விறைப்பாக இருப்பதால் வடிவமைத்தபடியே நீரில் இருக்கும். பிளாஸ்டிக் அப்படியல்ல, குறிப்பாக நம் வெயிலில். கார் கூரையில் ரேட்செட் பட்டையால் (நெம்பி இறுக்கும் வகை) இறுக்கி, இரண்டு மணி நேரம் வெயிலில் நிறுத்தினால் அடி குழிந்துவிடும். குழி விழுந்த அடி உரசலைக் கூட்டும், ராக்கரையும் மாற்றும். சாதாரணப் பட்டையைக் கையால் இழுத்துக் கட்டினால் போதும். விழுந்த குழியை எடுக்க, அடிவயிறு மேலே பார்க்கும்படி கவிழ்த்து வெயிலில் வையுங்கள். பல சமயம் தானாக எழும். எழாவிட்டால் சுடுநீர் ஊற்றி, உள்ளேயிருந்து உருண்டையான மரத்துண்டால் மெதுவாக அழுத்தி, ஆறும்வரை முட்டுக்கொடுத்து வையுங்கள்.

வெயிலில் நிறுத்தும்போது ஹேட்ச் (சாமான் அறையின் வாய்) மூடியைக் கொஞ்சம் தளர்த்தி வைக்க மறக்க வேண்டாம். உள்ளே சூடான காற்று விரிந்து மூடியைத் தூக்கும். அதே படகை உடனே கடலில் இறக்கினால் காற்று குளிர்ந்து சுருங்கி, மூடியின் ஓரம் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும்.

அடுக்குமாடியில் இருக்கிறேன், கார் மைவி. ஐந்து மீட்டர் நடக்குமா?

கார் தாங்கும். மைவி சுமார் 3.9 மீட்டர், 5 மீட்டர் படகு முன்னும் பின்னும் அரை மீட்டரை ஒட்டி நீட்டும். சின்னக் காரில் கூரை மீது படகைத் தாங்கும் இரண்டு கம்பிகளும் நெருக்கமாக இருப்பதால் நடுவில் கட்டுவது மட்டும் போதாது. மூக்கிலிருந்தும் வாலிலிருந்தும் காருக்குக் கயிறு கட்ட வேண்டும். பாலத்தில் பக்கக் காற்று அடிக்கும்போது அந்தக் கயிறின் அருமை தெரியும். வால் நுனியில் சிவப்புத் துணி கட்டுங்கள்.

லிஃப்ட் தாங்காது. கீழ்த்தளத்தில் நிர்வாகத்தின் அனுமதி கிடைக்குமா என்று படகு வாங்குவதற்கு முன் கேளுங்கள், பிறகல்ல. இடம் கிடைத்தால் நிழலில், விலா மீது சாய்த்து வையுங்கள்; ஏரா மீது மாதக்கணக்கில் உட்காரவைத்தால் அடி தட்டையாகிவிடும். இடமே இல்லை என்றால் மூன்று துண்டாகக் கழற்றும் கயாக் உண்டு. போல்ட்டும், படகுக்குள் அறைகளைப் பிரிக்கும் கூடுதல் தடுப்புச் சுவரும் சேர்ந்து மூன்று நான்கு கிலோ கூட்டும்.

பழைய படகு பார்க்கப் போகிறேன். அடிவயிற்றில் எதைப் பார்ப்பது?

மூக்கு அருகே குனிந்து, ஒரு கண்ணை மூடி, ஏராவின் வழியே வாலைப் பாருங்கள். கோடு பக்கவாட்டில் வளைந்திருந்தால் அந்தப் படகு வாழ்நாள் முழுக்க ஒரு பக்கமே இழுக்கும். இருக்கைக்குக் கீழே உள்ளங்கையால் தடவுங்கள். குழி கைக்குத் தெரியும். ஃபைபர் படகில் வாலின் ஏரா தேய்ந்து நார் வெளியே தெரிகிறதா? தனியாக இழுத்துக்கொண்டு போனவர்களின் அடையாளம் அது. 5 சென்டிமீட்டர் அகல ஃபைபர் நாடாவை மூன்று அடுக்கு எபாக்ஸியோடு ஒட்டினால் சரியாகும். விலையில் பேரம் பேச நல்ல காரணம். மேற்பூச்சில் சிலந்திவலை போலக் கீறல்கள் ஒரு புள்ளியைச் சுற்றி இருந்தால், அந்த இடத்தை உள்ளேயிருந்து விரலால் அழுத்திப் பாருங்கள். மெத்தென்று அமுங்கினால் உள்நார் உடைந்திருக்கிறது.

கடைசியாக, முன்னறையிலும் பின்னறையிலும் மூன்று லிட்டர் தண்ணீர் ஊற்றி மூடி, படகை இருபுறமும் சாய்த்து, பிறகு நிமிர்த்திப் பத்து நிமிடம் விடுங்கள். காக்பிட்டுக்குள் ஈரம் வந்தால் தடுப்புச் சுவரின் ஒட்டு விட்டிருக்கிறது. வெளியே ஸ்கெக் பெட்டி அருகே சொட்டினால் பெட்டியின் இணைப்பு. தடுப்புச் சுவரில் குண்டூசி அளவு துளை ஒன்று இருந்தால் பயப்பட வேண்டாம், காற்றழுத்தத்தைச் சமன்செய்ய வேண்டுமென்றே போட்டது. அதன் வழியே சொட்டு சொட்டாக வரும், ஓடி வராது.

வாங்குவதற்கு முன் கடலில் எவ்வளவு நேரம் சோதித்துப் பார்க்க வேண்டும்?

ஒரு மணி நேரம், கொஞ்சம் காற்று எழுந்த பிற்பகலில். விற்பவர்கள் காலை எட்டு மணிக்கு வரச் சொல்வார்கள். அந்நேரம் கடல் கண்ணாடி, எல்லாப் படகும் நல்ல படகுதான். முதல் பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்து ஆடிப் பாருங்கள், கைக்கெட்டும் தூரத்தில் ஒருவர் நிற்கட்டும், உயிர்காப்பு உடை கட்டாயம். பிறகு ஸ்கெக்கை ஏற்றிவிட்டு, காற்று பக்கத்தில் படும்படி 200 மீட்டர் போங்கள். மூக்கு எவ்வளவு இழுக்கிறது என்று எண்ணுங்கள், அதாவது ஒரு பக்கம் மட்டும் எத்தனை துடுப்பு கூடுதலாகப் போட வேண்டியிருந்தது. ஸ்கெக்கைப் பாதி இறக்கி அதே தூரம் திரும்பி வாருங்கள். சாய்த்தபடி ஒரு முழு வட்டம், தட்டையாக ஒரு முழு வட்டம். இரண்டுக்கும் எத்தனை அரைவட்டத் துடுப்பு ஆனது என்று பாருங்கள். வித்தியாசமே இல்லையென்றால் படகு உங்களுக்கு அகலம் அதிகம், அல்லது நீங்கள் இன்னும் உண்மையாகச் சாய்க்கவில்லை. பத்து லிட்டர் தண்ணீரைப் பின்னறையில் ஏற்றி இன்னொரு சுற்று. கரைக்கு வந்ததும் பணப்பையை எடுக்கும் முன் ஹேட்ச்களைத் திறந்து, உள்ளே எவ்வளவு கடல் வந்திருக்கிறது என்று ஒரு ஸ்பாஞ்சால் பிழிந்து பாருங்கள்.